ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்: கணக்கில் 0.600 மில்லிடெஸ்லா, அளவீட்டில் 0.538. மீதி 10 சதவீதம் எங்கே?

#1 சுருள்மாணவன்

வணக்கம். பயிற்சி மாணவனாக எனக்குத் தரப்பட்ட வேலை இது: ஒரு ஜோடி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளை (நடுவில் சீரான புலம் தர, ஆரத்தின் அளவே இடைவெளி விட்டு நேரெதிரே நிற்கும் இரண்டு வட்டச் சுருள்) கட்டி, அதன் காந்தப்புலத்தை மாடலில் கணக்கிட்டு, கவுஸ்மீட்டர் என்ற காந்தப்புலமானியில் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை தர வேண்டும்.

சுருளின் விவரம்: சராசரி ஆரம் 150 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் 100 சுற்று, 20 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பியின் தடிமன் எண்) எனாமல் தாமிரக் கம்பி, 10 அடுக்கு, அடுக்குக்கு 10 சுற்று. பள்ளத்தின் அடி ஆரம் 145 மி.மீ., கம்பி நிரம்பியபின் 155, ஆகவே சராசரி 150. இரண்டு சுருளும் தொடரிணைப்பில். இடைவெளி 150 மி.மீ. மின்னோட்டம் 1 ஆம்பியர்.

சூத்திரப்படி மையத்தில் 0.5995 மில்லிடெஸ்லா. ஃபெம் (FEMM) என்ற காந்தப்புலக் கணிப்பு மென்பொருளில் வரைந்து பார்த்தால் 0.599. இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் அச்சு வழியாக அளந்தால் இடது 60 மி.மீ.யில் 0.548, நடுவில் 0.538, வலது 60இல் 0.537 வருகிறது. நடுவில் 10 சதவீதம் குறைவு. மேலும் புலம் இடமிருந்து வலமாகச் சரிகிறது. கவுஸ்மீட்டர் அச்சுவகை ஹால் முனை (தன் நீளத் திசையில் உள்ள புலத்தை உணரும் முனை) கொண்டது, கடைசி இலக்கம் 0.001 மில்லிடெஸ்லா, அளவொப்புச் சான்றிதழில் துல்லியம் 1 சதவீதம். மாடலில் எதையாவது விட்டுவிட்டேனா?

#2 மின்தச்சன்

மாடலைத் தொடுமுன் மின்னோட்டத்தைப் பாருங்க. பவர் சப்ளை எந்த நிலையில் இருந்தது? சிவி (மின்னழுத்தம் மாறா நிலை) விளக்கு எரிந்ததா, சிசி (மின்னோட்டம் மாறா நிலை) விளக்கா? 1 ஆம்பியர் என்பது எதில் பார்த்தது, எப்போது பார்த்தது?

#3 சுருள்மாணவன்

சிவி. மின்னழுத்தத்தை 5 வோல்ட் பக்கம் வைத்து, சப்ளையின் திரையில் 1.00 வரும்வரை திருப்பினேன். அளவீடு முடிய அரை மணி நேரம் ஆனது. கடைசியில் திரை 0.97 காட்டியது.

#4 மின்தச்சன்

முதல் ஓட்டை அதுதான். கணக்கைப் பாருங்க. ஒரு சுற்று 0.942 மீட்டர், 200 சுற்றுக்கு 188 மீட்டர் கம்பி. 20 எஸ்.டபிள்யூ.ஜி.யின் விட்டம் 0.914 மி.மீ., பரப்பு 0.656 சதுர மி.மீ. மின்தடை 4.9 ஓம் சொச்சம். 1 ஆம்பியரில் 5 வாட் வெப்பம். தாமிரம் மொத்தம் 1.1 கிலோ இருக்கும். காற்றில் வைத்த இந்த அளவுச் சுருள் பத்து நிமிடக் காலமாறிலியோடு சூடேறி, 6 அல்லது 7 டிகிரி கூடியபின் நிலைகொள்ளும். தாமிரத்தின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். மின்னழுத்தம் மாறாமல் இருந்தால் மின்னோட்டம் 2.5 சதவீதம் இறங்கும். உங்கள் திரை காட்டியதும் அதுவே.

இதனால் இரண்டு கேடு. மைய மதிப்பு குறைகிறது. அதைவிட மோசம், நீங்கள் இடமிருந்து வலமாக அளந்துகொண்டே போனதால், நேரத்தில் நடந்த இறக்கம் இடத்தில் நடந்த சரிவாக வேஷம் போடுகிறது. முதல் ஓட்டத்தின் வடிவத்தை நம்ப வேண்டாம்.

செய்ய வேண்டியது: சப்ளையின் மின்னழுத்தக் குமிழை 12 வோல்ட்டுக்கு ஏற்றிவிடுங்க, மின்னோட்டக் குமிழைச் சுழியில் வைத்து இணைங்க, பிறகு மெதுவாக ஏற்றுங்க. சிசி விளக்கு எரிய வேண்டும். மின்னோட்டத்தைச் சப்ளைத் திரையில் படிக்க வேண்டாம். 0.01 இலக்கம் என்றால் 1 ஆம்பியரில் அதுவே ஒரு சதவீதம். 0.1 ஓம், 0.1 சதவீதத் துல்லியமுள்ள நான்கு முனை ஷண்ட் (மின்னோட்டம் அளக்கும் சிறு மின்தடை) ஒன்றைத் தொடரில் போட்டு, அதன் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்க. 100.0 மில்லிவோல்ட் என்றால் 1.000 ஆம்பியர். ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த எண்ணையும் எழுதி வையுங்க.

ஓட்டத்தின் வரிசையையும் மாற்றுங்க. நடு, இடது 20, வலது 20, நடு, இடது 40, வலது 40, நடு என்று நடுவுக்குத் திரும்பத் திரும்ப வந்தால், ஏதாவது நகர்ந்தால் உடனே தெரியும்.

#5 வடதிசைமுள்

பூமியின் புலத்தை என்ன செய்தீர்கள்? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

#6 சுருள்மாணவன்

மேசைமேல் முனையை வைத்து ஜீரோ பொத்தானை அழுத்திவிட்டு, பிறகு சுருளுக்குள் கொண்டுபோனேன்.

#7 வடதிசைமுள்

அப்படிச் செய்தால் ஜீரோ ஆவது மேசைமேல் அந்தக் கோணத்தில் இருந்த புலம் மட்டுமே. முனையைத் திருப்பியதும் அது வேறு எண். தமிழ்நாட்டில் பூமியின் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு அருகே போவதால் புலம் பெரும்பாலும் கிடைமட்டமாக வடக்கு நோக்கியே இருக்கும். முனை வடக்கைப் பார்க்கும்போது ஜீரோ செய்து, தெற்கைப் பார்த்து அளந்தால் 80 மைக்ரோடெஸ்லா பிழை. உங்கள் 600இல் அது 13 சதவீதம். உங்களுக்கு அவ்வளவு வந்திருக்காது. ஆனால் பத்துப் பன்னிரண்டு மைக்ரோடெஸ்லா எந்தப் பக்கமும் வந்திருக்கலாம்.

மருந்து எளிது: மின்னோட்டத்தைத் திருப்பி அளப்பது. முனையை ஓரிடத்தில் அசையாமல் பிடித்துவிட்டு, நேர் 1 ஆம்பியர், சுழி, எதிர் 1 ஆம்பியர் என மூன்று எண் எடுங்கள். நேரிலிருந்து எதிரைக் கழித்துப் பாதியாக்கினால் சுருளின் புலம் மட்டும் மிஞ்சும். பூமி, ஜீரோ பிழை, பக்கத்து இரும்பின் நிலைக் காந்தம் எல்லாம் கழிந்துபோகும். நேரையும் எதிரையும் கூட்டிப் பாதியாக்கினால் பின்னணி. அந்தப் பின்னணி, சுழி மின்னோட்டத்தில் எடுத்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஏதோ நேர்கோட்டில் இல்லை: ஒன்று முனை அதன் எல்லையைத் தொட்டிருக்கிறது, அல்லது சுருளின் புலத்தால் காந்தமாகும் இரும்பு பக்கத்தில் இருக்கிறது, அல்லது இரண்டு அளவீட்டுக்கு நடுவே முனை அசைந்திருக்கிறது. இதற்காகவே மூன்றாவது எண் வேண்டும் என்கிறேன். பலர் நேரம் மிச்சம் என்று அதை விட்டுவிடுகிறார்கள்.

திருப்புவதற்கு இருதுருவ இருவழி சுவிட்ச் போதும். முதலில் மின்னோட்டத்தைச் சுழிக்கு இறக்குங்கள், பிறகு சுவிட்சைத் தட்டுங்கள். சுருளின் தூண்டல் 15 மில்லிஹென்றி அளவில் இருக்கும். ஓடும் மின்னோட்டத்தை வெடுக்கென்று அறுத்தால் சுவிட்ச் முனையில் பொறி வரும், சப்ளைக்கும் நல்லதல்ல.

சுருளின் அச்சைக் கிழக்கு மேற்காக வைத்தால் பின்னணி இன்னும் குறையும். மேசையின் இரும்புக்கால், கைப்பேசி, மடிக்கணினியின் ஸ்பீக்கர் ஆகியவற்றை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். இடைவெளி அளக்க எடுத்த வெர்னியரும் எஃகுதான். அளந்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். சுருளைப் பூட்டியிருக்கும் திருகாணிகள் பித்தளையா, எஃகா?

#8 சுருள்மாணவன்

பித்தளை. சட்டம் அக்ரிலிக். அது சரியாக இருக்கிறது என்று நினைக்கிறேன். நாளின் பல வேளைகளில் பூமியின் புலம் மாறும் என்று படித்தேன். அதைத் திருத்த வேண்டுமா?

#9 வடதிசைமுள்

வேண்டாம். தெற்கே திருநெல்வேலிப் பக்கம் நண்பகலில் அயனிமண்டல மின்னோட்டத்தால் வரும் தினசரி ஏற்றமே 0.1 மைக்ரோடெஸ்லா அளவுதான். உங்கள் மீட்டரின் கடைசி இலக்கம் 1 மைக்ரோடெஸ்லா. மனிதர் செய்யும் இரைச்சல்தான் பெரிது: லிஃப்ட், கார், மின்ரயில். பம்பாயில் டிராம் வண்டிகள் மின்சாரத்துக்கு மாறப்போவதால் கொலாபாவின் காந்த ஆய்வகமே அலிபாகுக்கு இடம் மாறியது. அங்கே 1904இல் பதிவு தொடங்கியது. லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து அளக்காதீர்கள் என்பதற்குச் சொல்கிறேன்.

#10 பாபின்

மின்னோட்டமும் பூமியும் சேர்ந்து மூன்று நான்கு சதவீதம் தின்றிருக்கும். இன்னும் ஆறு ஏழு பாக்கி. தம்பி, இடைவெளி 150 என்றீர்களே, எதிலிருந்து எதற்கு? பாபினின் (கம்பி சுற்றும் சட்டத்தின்) பக்கத்தட்டு எவ்வளவு தடிமன்?

#11 சுருள்மாணவன்

பக்கத்தட்டு 3 மி.மீ. அக்ரிலிக். உள்பக்கத் தட்டின் முகத்திலிருந்து எதிர்த் தட்டின் முகம்வரை 150 மி.மீ. வெர்னியரில் பார்த்து வைத்தேன்.

#12 பாபின்

பிடிபட்டது. சூத்திரம் கேட்கும் இடைவெளி கம்பிக்கட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு. உங்கள் கம்பிக்கட்டு 10 மி.மீ. அகலம். ஆகவே ஒவ்வொரு பக்கமும் தட்டு 3, பாதிக் கட்டு 5, சேர்த்து 8 மி.மீ. கூடுகிறது. உண்மையான இடைவெளி 166 மி.மீ.

இனிக் கணக்கு. ஒரு சுருளின் அச்சுப் புலம், ஆரத்தின் வர்க்கமும் தூரத்தின் வர்க்கமும் கூட்டிய தொகையின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதம். மையத்திலிருந்து சுருளுக்குத் தூரம் 75 இருக்க வேண்டும், உங்களுக்கு 83. 28125ஐ 29389ஆல் வகுத்து ஒன்றரை அடுக்கு ஏற்றினால் 0.936. மையப் புலம் 6.4 சதவீதம் கீழே. 0.5995 என்பது 0.561 ஆகிறது.

இதற்குச் சாட்சி வடிவத்திலும் இருக்க வேண்டும். இடைவெளி சரியாக ஆரத்துக்குச் சமமாக இருந்தால் நடுப்பகுதி தட்டையாக இருந்து இருபுறமும் இறங்கும். அகன்றுவிட்டால் நடுவில் பள்ளம் விழுந்து இருபுறமும் மேடு வரும். 166க்கு அந்த மேடு 45 மி.மீ. அருகே, நடுவைவிட 0.8 சதவீதம் உயர்வாக. நெருங்கிவிட்டால் நடுவில் ஒற்றை மேடு, இறக்கம் சீக்கிரம் தொடங்கும். ஆக, மையத்தில் ஒரே ஒரு எண்ணை எடுத்தால் இடைவெளிப் பிழையையும் மின்னோட்டப் பிழையையும் பிரித்தறிய வழியில்லை. அச்சு முழுக்க எடுத்தால் இரண்டும் தனித்தனியே கையெழுத்துப் போட்டிருக்கும்.

இந்த அளவுச் சுருளுக்கு ஞாபகத்தில் வைக்க வேண்டிய எண்: இடைவெளி 2 மி.மீ. கூடினால் மையம் 0.8 சதவீதம் குறையும். ஆரத்தில் 1 மி.மீ. பிழைக்கு, இடைவெளியை மாற்றாவிட்டால், 0.3 சதவீதத்துக்கும் கீழே. இடைவெளியில்தான் கவனம் கூடுதலாக வேண்டும்.

#13 வலைப்பின்னல்

முதல் பதிவிலேயே என் கண்ணில் பட்டது, "சூத்திரமும் ஃபெமும் ஒத்துப்போகின்றன" என்ற வரி. இரண்டுக்கும் கொடுத்தது ஒரே 150. அவை ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அந்த ஒற்றுமை கணக்கைச் சரியாகப் போட்டீர்கள் என்பதற்கு மட்டுமே சான்று. மாடலில் வரைபடத் தாளின் அளவைப் போடாதீர்கள். கட்டி முடித்த சுருளை வெர்னியரால் அளந்து, அந்த அளவைப் போடுங்கள். இடைவெளி 166, சுற்று 100, 100 என்று கொடுத்துத் திரும்ப ஓட்டுங்கள்.

ஃபெம் ஓட்டும்போது பார்க்க வேண்டியவை. அச்சுச் சமச்சீர் வகை, மில்லிமீட்டர் அலகு, அதிர்வெண் சுழி. சுருளின் ஒவ்வொரு சதுரத்துக்கும் 100 சுற்று, சர்க்யூட் தொடர் வகை, 1 ஆம்பியர். தவறி இணை வகையைத் தேர்ந்தால் மின்னோட்டத்தைச் சதுரங்கள் பங்குபோட்டுக்கொள்ளும், எண் அடியோடு மாறிவிடும். வெளி எல்லையில் நிபந்தனை எதுவும் கொடுக்காமல் விட்டால், மென்பொருள் அதை இரும்புச் சுவர்போல் நடத்தும். புலக்கோடுகள் சுவரைச் செங்குத்தாகக் குத்தும். திறந்த எல்லைக்கான பொத்தானை அழுத்தினால் அரைவட்ட ஓடுகள் தானாக வரும், ஏழு ஓடு போதும். எல்லை ஆரம் குறைந்தது சுருளின் ஆரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு.

முதல் வரிசை முக்கோணங்கள் என்பதால் ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் புலம் கிட்டத்தட்ட ஒரே எண்தான். 0.2 சதவீத மாற்றத்தைத் தேடும் இடத்தில் பெரிய முக்கோணம் இருந்தால் படிக்கட்டுப் போல வரும். நடுவில் 60 மி.மீ. அளவில் ஒரு தனிப் பகுதி வரைந்து, அதற்கு 1 மி.மீ. வலை கொடுங்கள்.

பைதானில் செய்தால் இரண்டு குழி. மேக்பைலிப் நூலகத்தின் ஐந்தாம் பதிப்பு முதல் அலகு மீட்டரும் டெஸ்லாவும். பழைய எடுத்துக்காட்டுகள் மில்லிமீட்டரில் இருக்கும். 150 என்று கொடுத்தால் விடை ஆயிரம் மடங்கு சிறுத்துவிடும். இரண்டாவது, அச்சுக்கு வெளியே நீள்வட்டத் தொகையீடு வைத்து நீங்களே எழுதினால், சைபை நூலகத்தின் எலிப்கே, எலிப்ஈ சார்புகள் இரண்டும் கேட்பது மாடுலஸின் வர்க்கத்தை. புத்தகத்தில் உள்ள மாடுலஸை அப்படியே கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, தவறான எண் அமைதியாக வரும். அச்சிலிருந்து 1 மி.மீ. தள்ளிக் கணக்கிட்டு அச்சுச் சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள், 40 மி.மீ. தள்ளிக் கணக்கிட்டு ஃபெமோடு ஒப்பிடுங்கள்.

#14 வலைப்பின்னல்

கேட்கப் போகிறீர்கள் என்பதால் முன்கூட்டியே: கம்பிக்கட்டுக்கு 10 க்கு 10 தடிமன் இருக்கிறதே, அதை ஒற்றை வளையமாக எடுத்தது தப்பா? இல்லை. சதுரக் கட்டுக்கு மையப் புலத்தின் திருத்தம், பக்கத்தின் வர்க்கத்தை ஆரத்தின் வர்க்கத்தின் அறுபது மடங்கால் வகுத்தது. உங்களுக்கு அது பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. அதைத் தேடிப் போக வேண்டாம்.

#15 புதுஹால்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் கவுஸ்மீட்டர் இல்லை. எஸ்எஸ்49இ ஹால் சென்சரும் ஆர்டுவினோ ஊனோவும் இருக்கின்றன. இதே அளவீட்டைச் செய்யலாமா?

#16 மின்தச்சன்

ஊனோவின் உள் ஏடிசியில் (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) முடியாது. அது 10 பிட். 5 வோல்ட்டை 1024ஆல் வகுத்தால் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். எஸ்எஸ்49இ ஒரு கவுஸுக்கு 1.4 மில்லிவோல்ட் தரும். ஆக ஒரு படி 3.5 கவுஸ். சுருளின் மொத்தப் புலமே 6 கவுஸ் (0.6 மில்லிடெஸ்லா). இரண்டு படிக்குள் முழு ஆய்வும் முடிந்துவிடும்.

ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் பலகையைப் போடுங்க. சென்சரின் வெளியீட்டை ஒரு முனையிலும், அதே 5 வோல்ட்டிலிருந்து இரண்டு சம ரெசிஸ்டரால் எடுத்த 2.5 வோல்ட்டை மறு முனையிலும் கொடுத்து வித்தியாசத்தைப் படிங்க. சென்சரின் வெளியீடு சப்ளைக்கு விகிதமாக ஆடும். ஒப்பீட்டு முனையும் அதே சப்ளையில் இருந்தால் அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி கழியும். வித்தியாசம் சிறியது என்பதால் 0.256 வோல்ட் எல்லையை வைக்கலாம், படி 7.8 மைக்ரோவோல்ட். அதன்பின் கட்டுப்படுத்துவது சென்சரின் சொந்த இரைச்சலும் வெப்ப நகர்வும்தான். 1 மில்லிவோல்ட் நகர்வு 0.7 கவுஸ், ஆகவே மின்னோட்டத்தைச் சில விநாடிக்கு ஒருமுறை திருப்பி, நூறு மாதிரிச் சராசரி எடுத்துக் கழிங்க.

1.4 என்பது பெயரளவு. ஒரு பீஸுக்கும் இன்னொன்றுக்கும் இருபது சதவீதம்கூட மாறலாம். வடிவம் பார்க்கலாம், தனி மதிப்பு சொல்ல முடியாது.

#17 வடதிசைமுள்

6 கவுஸுக்கு ஹாலைவிடக் காந்தத்தடை வகை மூவச்சுச் சில்லுகள் பொருத்தம். எல்ஐஎஸ்3எம்டிஎல் 4, 8, 12, 16 கவுஸ் எல்லைகளில் வரும். 4 கவுஸ் எல்லையில் ஒரு கவுஸுக்கு 6842 எண். உங்களுக்கு 8 கவுஸ் எல்லை வேண்டும். கடையில் எச்எம்சி5883எல் என்று விற்கும் நீலப் பலகையில் பெரும்பாலும் இருப்பது கியூஎம்சி5883எல். முன்னதன் முகவரி பதினாறடிமானத்தில் 1ஈ, பின்னதுக்கு 0டி. பதிவேடுகளும் வேறு. பழைய நூலகத்தைப் போட்டுவிட்டு "சென்சர் பதில் தரவில்லை" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

#18 புதுஹால்

அப்படியானால் சென்சரின் அந்த 1.4 எண்ணை ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளிலேயே வைத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு சுருளை அளக்கலாமே?

#19 பாபின்

அது தன் வாலைத் தானே பிடிக்கும் வேலை. சுருளின் கணக்கை உண்மை என்று வைத்துச் சென்சரைத் திருத்தினால், பிறகு அந்தச் சென்சர் சுருளின் கணக்கைத்தான் திருப்பிச் சொல்லும். இந்த இழையில் உள்ள 166 மி.மீ. பிழை அப்படிச் செய்திருந்தால் மையத்தில் தெரிந்தே இருக்காது. சென்சர் பலவீனமானது என்று முடிவு கட்டியிருப்பீர்கள். வடிவத்துக்கு அந்த முறை செல்லும். மையத்தின் தனி மதிப்புக்குச் செல்லாது.

#20 மின்தச்சன்

பாபின் சொல்வது சரி, ஆனால் ஒரு மாற்று: அளவுகளை எல்லாம் வெர்னியரால் அளந்து உறுதிசெய்த நல்ல சுருள், ஆய்வகங்களில் சென்சர் திருத்தப் பயன்படும் தரமான கருவிதான். எந்தப் பக்கம் தெரிந்தது, எந்தப் பக்கம் தெரியாதது என்று முதலிலேயே முடிவு செய்து அறிக்கையில் எழுதிவிட்டால் போதும். இரண்டையும் ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஆக்கக்கூடாது.

#21 பாபின்

ஒத்துக்கொள்கிறேன். சுயேச்சையான இன்னொரு வழியும் கைவசம் உண்டு: தேடுசுருள், அதாவது மாறும் புலத்தில் வைத்தால் தன்னில் தூண்டப்படும் மின்னழுத்தத்தால் புலத்தைச் சொல்லும் சிறு சுருள். 16 மி.மீ. சராசரி விட்டத்தில் 200 சுற்று மெல்லிய கம்பி சுற்றினால், சுற்றும் பரப்பும் பெருக்கியது 0.0402 சதுர மீட்டர். பெரிய சுருளில் 120 ஹெர்ட்ஸ், 1 ஆம்பியர் ஆர்எம்எஸ் (மாறுமின்னோட்டத்தின் பயனுறு மதிப்பு) ஓட்டினால், 0.600 மில்லிடெஸ்லாவுக்குத் தேடுசுருளில் 18.2 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ் வரும். நல்ல மல்டிமீட்டரே படிக்கும். 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் வேண்டாம், வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் அங்கேதான். 120 ஹெர்ட்ஸில் பெரிய சுருளின் மின்மறுப்பு 12 ஓம் ஆகிவிடுவதால் 12 வோல்ட் ஆர்எம்எஸ் தரும் ஆடியோ ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பல அடுக்கு சுற்றினால் சராசரி விட்டத்தின் வர்க்கத்தை எடுக்காதீர்கள். ஒவ்வொரு அடுக்கின் விட்டத்தையும் தனியே வர்க்கமாக்கிச் சராசரி எடுங்கள். விட்டத்தில் ஒரு சதவீதம் பிழைத்தால் புலத்தில் இரண்டு சதவீதம் போகும், ஆகவே கம்பி சுற்றும் குழாயைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து வாங்குங்கள்.

இதற்கும் மேலே போனால் புரோட்டான்தான். காந்தப்புலத்தில் அது சுழலும் அதிர்வெண், டெஸ்லாவுக்கு 42.577 மெகாஹெர்ட்ஸ் என்பது இயற்கை தந்த அளவுகோல். ஃபெர்மிலேப் ஆய்வகத்தின் மியூவான் ஜி-2 ஆய்வின் காந்த வளையத்தில் 7.11 மீட்டர் ஆரத்துக்கு 1.45 டெஸ்லா புலத்தை அப்படித்தான் அளந்தார்கள்: 378 நிலையான முனைகள், 17 முனை சுமந்து வளையத்துக்குள் ஓடும் ஒரு வண்டி. அங்கே சைகை 62 மெகாஹெர்ட்ஸ் பக்கம். நம் 0.6 மில்லிடெஸ்லாவில் 25.5 கிலோஹெர்ட்ஸ்தான் வரும், சைகையும் மிகப் பலவீனம். சின்ன ஆய்வகத்தில் அதை முயலச் சொல்ல மாட்டேன்.

#22 சுருள்மாணவன்

இடைவெளியை இன்னும் மாற்றவில்லை. முதலில் 166இலேயே ஒழுங்காக அளந்து பார்த்தேன். சிசி நிலை, ஷண்டில் 100.0 மில்லிவோல்ட், மையத்தில்:

நேர் 1 ஆம்பியர்: 0.571
சுழி: 0.012
எதிர் 1 ஆம்பியர்: மைனஸ் 0.547

பாதி வித்தியாசம் 0.559, பாதிக் கூட்டல் 0.012. பின்னணி ஒத்துப்போகிறது. 166 கொடுத்த மாடல் 0.561 சொல்கிறது.

வடிவத்துக்கு 2 ஆம்பியர் ஓட்டினேன், இலக்கம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. மையம் 1.118, இடது 40இல் 1.129, வலது 40இல் 1.125. பள்ளம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஆனால் இடதும் வலதும் சமமில்லை. நடுவுக்குத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தேன், மூன்று முறையும் 1.118. ஆகவே மின்னோட்டம் நகரவில்லை. அளவுகோலின் சுழிப்புள்ளி இரண்டு மூன்று மி.மீ. தள்ளியிருக்குமோ?

#23 பாபின்

இருக்காது. 166 இடைவெளியில் 40 மி.மீ. என்பது மேட்டின் உச்சிக்குப் பக்கம், அங்கே சாய்வு கிட்டத்தட்ட இல்லை. 3 மி.மீ. தள்ளினால்கூட இடது வலது வித்தியாசம் 0.07 சதவீதம்தான் வரும். உங்களுக்கு 0.36.

இரண்டு சுருளும் சமம்தானா என்று பாருங்கள். ஒன்றில் ஒரு சுற்று குறைந்தால் 40 மி.மீ.யில் 0.32 சதவீத வித்தியாசம் வரும் என்று கணக்கு சொல்கிறது. அவிழ்த்து எண்ண வேண்டாம். இரண்டும் ஒரே ரீல் கம்பிதானே? 1.000 ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொரு சுருளின் முனையிலும் நேரடியாக மின்னழுத்தத்தைப் படியுங்கள். 100 சுற்றுக்கு 2.47 வோல்ட் வரவேண்டும். ஒரு சுற்றுக்கு 25 மில்லிவோல்ட். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும், அதாவது ஓட்டி இருபது நிமிடம் கழித்து.

#24 சுருள்மாணவன்

இடது 2.532 வோல்ட், வலது 2.507. வித்தியாசம் 25 மில்லிவோல்ட்! வலதில் ஒரு சுற்று குறைவு. 100க்கும் 99க்கும் மாடலை ஓட்டினால் மையம் 0.558, அளவீடு 0.559. வடிவமும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போகிறது.

பிறகு வலதில் ஒரு சுற்று சேர்த்து, கம்பிக்கட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு 150 வருமாறு, அதாவது தட்டு முகங்களுக்கிடையே 134 மி.மீ. வைத்துப் பூட்டினேன். 1 ஆம்பியரில் நேர் 0.612, எதிர் மைனஸ் 0.588, சுழி 0.012. சுருளின் புலம் 0.600. இருபுறமும் 45 மி.மீ.யில் 0.595.

ஒரு சந்தேகம் மிச்சம். பாடநூலின் தோராயச் சூத்திரம், தூரத்தை ஆரத்தால் வகுத்து நான்காம் அடுக்கு ஏற்றி 1.152ஆல் பெருக்குவது, 45இல் 0.93 சதவீத இறக்கம் சொல்கிறது. முழுச் சூத்திரம் 0.84 சொல்கிறது. எதை அறிக்கையில் போடுவது?

#25 வலைப்பின்னல்

முழுச் சூத்திரத்தை. நான்காம் அடுக்கோடு நிறுத்தியது மையத்துக்கு அருகே மட்டும் சரி. 15 மி.மீ.யில் இறக்கம் 0.012 சதவீதம், அங்கே இரண்டும் ஒன்றே. 45இல் ஆறாம் அடுக்கு எட்டிப்பார்க்கிறது. ஆனால் உங்கள் மீட்டரின் ஒரு இலக்கம் 0.17 சதவீதம். 0.93க்கும் 0.84க்கும் உள்ள வித்தியாசத்தை அது காணாது. "அளவீடு முழுச் சூத்திரத்தை உறுதிசெய்தது" என்று எழுதாதீர்கள், "இரண்டோடும் முரண்படவில்லை" என்று எழுதுங்கள்.

#26 மின்தச்சன்

அறிக்கையில் பிழைக்கணக்கை இப்படிப் போடுங்க. மீட்டரின் சான்றிதழ் 1 சதவீதம். இடைவெளி அரை மி.மீ. ஐயம், 0.2 சதவீதம். ஆரம் அரை மி.மீ., 0.13. ஷண்ட் 0.1. முனை அச்சிலிருந்து 3 டிகிரி சாய்ந்திருந்தால் 0.14, அது குறைக்கும் பக்கம் மட்டுமே. எல்லாவற்றையும் வர்க்கக் கூட்டல் போட்டாலும் 1.04 சதவீதம். மீட்டர்தான் முழுவதையும் ஆள்கிறது. 0.600ம் 0.5995ம் 0.1 சதவீதத்துக்குள் பொருந்தியது அதிர்ஷ்டமும் சேர்ந்தது, "0.600, கூட்டல் கழித்தல் 0.006 மில்லிடெஸ்லா" என்று எழுதுங்க. வெர்னியரில் இன்னும் நுணுக்கமாக அளப்பதால் குறையும் பிழை இல்லை இது. குறைக்க வேண்டுமானால் பாபின் சொன்ன தேடுசுருள்.

ஆரம்பத்தில் காணாமல் போன 10 சதவீதத்தையும் பிரித்து எழுதுங்க: இடைவெளி 6.4, மின்னோட்டம் 2.2, பூமியும் ஜீரோவும் 1.3, ஒரு சுற்று 0.5. அந்த நான்கு எண் உங்கள் அறிக்கையின் மிகப் பயனுள்ள பக்கமாக இருக்கும்.

#27 சுருள்மாணவன்

எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி அண்ணா. அடுத்து அச்சுக்கு வெளியே, நடுத்தளத்தில் ஆரத்திசையில் 60 மி.மீ.வரை அளக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

#28 வடதிசைமுள்

முனையின் திசையை மாற்றாமல், அச்சுக்கு இணையாகவே வைத்து நகர்த்துங்கள். ஹால் தகடு முனையின் நுனியில் சரியாக இல்லை, உறைக்குள் ஓரிரு மி.மீ. பின்னால் இருக்கும், அதன் இடம் முனையின் கையேட்டில் படமாகப் போட்டிருப்பார்கள், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். நடுத்தளத்தில் ஆரத்திசைப் புலம் சுழியாக இருக்க வேண்டும். முனையை 90 டிகிரி திருப்பி அதையும் மின்னோட்டம் திருப்பி அளந்தால், இரண்டு சுருளும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்று சொல்லிவிடும். 1 ஆம்பியரில் அங்கே 5 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் வந்தால் முதலில் முனையின் கோணத்தைச் சந்தேகியுங்கள். அரை டிகிரிச் சாய்வே 0.600இலிருந்து அவ்வளவைக் கொண்டுவந்துவிடும். முனையை அதன் நீளவாக்கில் 180 டிகிரி உருட்டி மறுபடி எடுத்து, இரண்டையும் குறி மாற்றாமல் சராசரி எடுத்தால் தகடு உறைக்குள் சாய்ந்திருப்பது கழியும்; தாங்கியின் சாய்வு கழியாது, அதற்கு மட்டம் பார்த்துத்தான் ஆகவேண்டும்.